நடந்து வந்த ஏவுகணை

ஒரு விஷயத்தைப் பற்றி அளவுக்கு மீறிப் படித்தவனிடம் அந்த விஷயத்தைச் செய்து காட்டச் சொல்லக் கூடாது. ஒன்றும் தெரியாதவன் பயந்து பயந்து செய்வான். பெரிய விபரீதம் வராது. படித்தவனுக்கு எது எங்கே தவறிப்போகும் என்பது முன்கூட்டியே தெரியும். தெரிந்துவிட்ட ஒரே காரணத்தால் அது தனக்கு நடக்காது என்று நம்பிவிடுவான்.

நான் அளவுக்கு மீறிப் படித்த விஷயம், வெப்பத்தைத் தேடி வரும் ஏவுகணைகளிடமிருந்து போர் விமானங்களை எப்படிக் காப்பாற்றுகிறார்கள் என்பது. (ஏன் இது என்று கேட்காதீர்கள். சிலருக்குத் தபால்தலை, சிலருக்கு ராகம்.) நான் ராணுவத்தில் இருந்தவனல்ல. கொல்கத்தாவில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் தீவிபத்து இழப்பீட்டுக் கோரிக்கைகளைப் பார்க்கும் அதிகாரி. துறைமுக வேலைக்காக அப்பா இங்கே வந்தார். நான் இங்கேயே பிறந்து, படித்து, வேலைக்குப் போனேன். விமானத்தில் ஜன்னலோர இருக்கை கேட்பதைத் தாண்டி எனக்கும் வானத்துக்கும் உறவு கிடையாது. ஆனாலும் ஐம்பதுகளின் கடைசியில் இவ்வகை ஏவுகணை முதன்முதலாகப் போரில் பாய்ந்த நாளிலிருந்து, யார் எப்போது எந்த உபாயத்தால் தப்பினார்கள் என்பதைத் தேதிவாரியாகத் தொகுத்து வைத்திருக்கிறேன்.

தேதிகளை இந்தக் கட்டுரையிலும் சேர்த்திருந்தேன். மனைவி மீனா முதல் பக்கத்தைப் படித்துவிட்டு, "தேதியெல்லாம் எடுத்துட்டா இதுல பாதிதான் மிஞ்சும். அந்தப் பாதிய யாராவது படிப்பாங்க" என்றாள். எடுத்துவிட்டேன்.

விஷயம் இவ்வளவுதான். அந்த ஏவுகணையின் மூக்கில் ஒரு கண் இருக்கிறது. அதற்கு விமானம் தெரியாது. சூடு மட்டும் தெரியும். எஞ்சின் கக்கும் சூட்டைப் பார்த்து அதன் பின்னாலேயே போகும். ஆரம்ப காலத்து ஏவுகணைகள் சில சமயம் விமானத்தை விட்டுவிட்டுச் சூரியனைத் துரத்திக்கொண்டு போயிருக்கின்றன. அதனால் விமானத்தைக் காப்பாற்ற வேண்டுமானால், ஒன்று எஞ்சின் சூட்டை மறைக்க வேண்டும். அல்லது அதைவிடப் பெரிய சூட்டை வேறு இடத்தில் காட்ட வேண்டும். விமானத்தின் வயிற்றிலிருந்து பூவாணம் போலக் கொட்டுகிறதே, அது இந்த இரண்டாவது வகை. ஃபிளேர் என்பார்கள். இந்தக் காலத்தில் ஒளிக்கற்றையை நேராகப் பாய்ச்சி ஏவுகணையின் கண்ணைக் கூசவைக்கும் கருவிகளும் வந்துவிட்டன. அந்தப் பக்கம் நான் போகவில்லை. போயிருந்தால் இந்தக் கட்டுரையைச் சிறையிலிருந்து எழுதியிருப்பேன்.

கொல்கத்தாவின் பெஹாலா பகுதியில் நாங்கள் சொந்தமாக வீடு வாங்கிக் குடியேறிய பாடாவில் ஆண்டுதோறும் துர்கா பூஜை நடக்கும். (பாடா என்றால் நம்முடைய பேட்டை மாதிரி. ஆனால் பேட்டைக்கு இத்தனை கர்வம் கிடையாது.) நான் தவறாமல் சந்தா கொடுப்பேன், அவர்கள் தவறாமல் பிரசாதக் கிச்சடி கொடுப்பார்கள், உறவு அத்துடன் முடியும். பூஜைக் குழுவின் கூட்டத்துக்கு என்னை யாரும் கூப்பிட்டதில்லை. பிறந்ததிலிருந்து வங்காளி பேசுகிறேன். அவர்களுடைய கவிகளை அவர்களைவிட அதிகம் படித்திருக்கிறேன். ஆனாலும் நான் "முதல் மாடி மாத்ராஜி". (மதராஸியை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்.) அந்தக் குழுவில் ஒருவனாக வேண்டும் என்பது எனக்கு ஒரு வெறியாகவே இருந்தது. பதவி உயர்வுக்குக்கூட நான் அவ்வளவு ஏங்கியதில்லை.

இந்த ஊரில் பூஜைப் பந்தல் என்றால் வெறும் பந்தல் அல்ல. ஒவ்வொன்றுக்கும் ஒரு கருப்பொருள் வேண்டும். நகரத்தின் நடுவர் குழுக்கள் வந்து பார்த்து மதிப்பெண் போடும். எங்கள் பாடா சணல் சாக்கில் ஒரு வருடம், மண் கோப்பைகளில் ஒரு வருடம் பந்தல் கட்டியும் எந்த நடுவரும் எட்டிப் பார்க்கவில்லை. அந்த ஆண்டு "காப்பு", அதாவது காப்பாற்றுதல், என்பதைக் கருப்பொருளாக வைத்துக்கொண்டு, அதை எப்படிக் காட்டுவது என்று தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் குழுச் செயலாளர் தபன்தா (எங்கள் தெருமுனை மருந்துக் கடைக்காரர்; 'தா' என்றால் அண்ணன்) என் வீட்டுக் கதவைத் தட்டினார். பேச்சு வங்காளியில் நடந்தது. என் தமிழில் தருகிறேன்.

"மூர்த்தி பாபு, நீங்க ஏரோப்ளேன் பத்தி என்னமோ படிப்பீங்களாமே?"

"ஏரோப்ளேன் பத்தி இல்ல. ஏரோப்ளேன் எப்படித் தப்பிக்குதுங்கறத பத்தி."

"அதேதான், அதேதான். சொல்லுங்க."

சொன்னேன். மீனா இரண்டாவது முறை தேநீர் போட்டாள். என் சரித்திரம் எண்பதுகளை எட்டியபோது தபன்தா கையை உயர்த்தினார்.

"தாருண்! பிரமாதம்! இதைப் பந்தல்ல காட்டறோம். ஏரோப்ளேன் ஒண்ணு, ராக்கெட் ஒண்ணு. ராக்கெட் வருது, ஏரோப்ளேன் தப்பிக்குது, அம்மா பாத்துக்கிட்டு நிக்கறா. நாளைக்குக் கூட்டத்துக்கு வந்துடுங்க."

கூட்டத்துக்கு வந்துடுங்க! அவர் போன பிறகு நான் கூடத்தில் சும்மா நடந்தேன். எங்கள் மகள் நந்தினி அப்போது பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். "அப்பாக்கு கீ ஹோலோ?" என்று, அதாவது என்ன ஆச்சு என்று, அம்மாவிடம் கேட்டாள். (வீட்டில் தமிழ்தான் பேச வேண்டும் என்பது என் விதி. அவள் அதில் 'அப்பா' என்ற சொல்லை மட்டும் கடைப்பிடித்தாள்.) "அப்பாவ செலக்ட் பண்ணிட்டாங்க" என்றாள் மீனா. "எதுக்குன்னு இன்னும் தெரியல."

பந்தல் வேலை நிமாய்தாவுடையது. டாலிகஞ்ச் ஸ்டூடியோக்களில் செட் போட்டே தலை நரைத்தவர். மூங்கிலிலும் துணியிலும் ஒரு ராணுவப் போக்குவரத்து விமானத்தை நான் கொடுத்த படங்களைப் பார்த்து ஆணி பிசகாமல் கட்டினார். ஏவுகணையில்தான் எங்களுக்குள் தகராறு வந்தது.

"கயித்துல கட்டி இழுத்துடலாம் மூர்த்தி பாபு. நான் சினிமாவுல ரயிலையே கயித்துல கவுத்திருக்கேன்."

"கூடாது நிமாய்தா. அது தானாகச் சூட்டைத் தேடிப் போகணும். பார்க்க வர்றவங்கள ஏமாத்தக் கூடாது."

"ராக்கெட்ட ஏமாத்தறதுதானே உங்க கதையே? ஜனங்கள ஏமாத்தினா மட்டும் பாவமா?"

நியாயமான கேள்வி. இன்றைக்கு அதற்கு என்னிடம் பதில் இல்லை. அன்றைக்கு இருந்தது. "சரித்திரம்னு ஒண்ணு இருக்கு" என்றேன். நிமாய்தா என்னைப் பார்த்த பார்வையில் ஸ்டூடியோக்களில் அவர் பார்த்த எல்லா இயக்குநர்களும் தெரிந்தார்கள்.

தானாகத் தேடிப் போகும் ஏவுகணையைச் செய்யும் பொறுப்பு மீனாவிடம் வந்தது. அவள் ஜாதவ்பூரில் படித்தவள். ஒரு பாலிடெக்னிக்கில் இன்ஸ்ட்ருமென்டேஷன் பாடம் நடத்துபவள். நந்தினி சின்ன வயதில் உட்கார்ந்து ஓட்டிய பாட்டரிக் கார் ஒன்று பால்கனியில் கிடந்தது. சாந்தினி சந்தையில் வாங்கிய வெப்ப உணரியை அதன் முன்னால் பொருத்தி, எங்கே சூடு அதிகமோ அந்தப் பக்கம் சக்கரம் திரும்பும்படி செய்தாள். மேலே நிமாய்தாவின் கைவேலையாக ஆள் நீளத்துக்கு ஒரு தெர்மோகோல் ஏவுகணை. வேகம், மனிதன் சாப்பிட்டுவிட்டு நடக்கும் வேகம். உலகத்திலேயே மிகவும் மெதுவான ஏவுகணை எங்களுடையதுதான் என்பதை ஆதாரத்துடன் சொல்ல முடியும்.

மீனா அதன் வால்பக்கம் ஒரு சிவப்புப் பொத்தானும் வைத்திருந்தாள்.

"இது என்ன?"

"நிறுத்தறதுக்கு."

"மீனா, எந்த ஏவுகணையோட படத்துலயாவது சிவப்புப் பொத்தான் பாத்திருக்கியா?"

"எந்த ஏவுகணையாவது குழந்தைங்க நடுவுல ஓடிப் பாத்திருக்கீங்களா?"

நான் விடவில்லை. ஒரு முறை ஏவிவிட்டால் திரும்பக் கூப்பிட முடியாது என்பதுதான் அதன் சாராம்சமே என்று ஒரு சின்ன உரை நிகழ்த்தினேன். கடைசியில் அவள் சலித்துப்போய்ப் பொத்தானை உள்ளே தள்ளி, மேலே ஒரு தகட்டை வைத்துத் திருகி மூடினாள். "நிறுத்தணும்னா இனிமே திருப்புளி வேணும். திருப்புளி உங்க பொறுப்பு" என்றாள். திருப்புளியை எங்கள் வீட்டு அலமாரியில் பத்திரமாக வைத்தேன்.

காட்சி இப்படி நடந்தது. பந்தலின் ஒரு பக்கத்தில் விமானம் தாழ்வாகத் தொங்கியது. அதன் எஞ்சின்களுக்குள் மின்சூட்டுச் சுருள்கள். எதிர்ப்பக்கத்திலிருந்து ஏவுகணை மெதுவாகப் புறப்படும். ஜனங்கள் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள் (நிறைய நேரம் பிடிக்க வேண்டியிருக்கும்). விமானத்தை நெருங்கும்போது நான் ஒரு சுவிட்சைத் தட்டுவேன். விமானத்துக்குப் பக்கவாட்டில் வைத்திருந்த பெரிய சுருள்கள் செக்கச் செவேலென்று கனலும். அவைதான் ஃபிளேர். (உண்மையான வாணத்துக்குத் தீயணைப்புத் துறை அனுமதி கிடையாது. என் உத்தியோகத்துக்கும் அது அழகில்லை.) ஏவுகணை ஒரு கணம் தயங்கி, விமானத்தை விட்டுவிட்டு ஃபிளேரை நோக்கித் திரும்பிப் போய் அங்கே போட்டிருந்த மெத்தையில் முட்டி நிற்கும். நிமாய்தா அதன் முன்சக்கரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொள்ள, மீனா பாட்டரியைக் கழற்றுவாள்.

சஷ்டியிலும் சப்தமியிலும் இது பிசகில்லாமல் நடந்தது. கூட்டம் அலை மோதியது. "முதல் மாடி மாத்ராஜி" என்று சொல்லிக்கொண்டிருந்த வாய்கள் "மூர்த்திதா, இன்னொரு வாட்டி காட்டுங்க" என்றன. மீனா ஒரே ஒரு நிபந்தனை மட்டும் வைத்திருந்தாள்: ஆரத்தி நேரத்தில் காட்சி கிடையாது. காரணம் துனுச்சி. நம் வீட்டுத் தூபக்காலைப் பத்து மடங்கு பெரிதாக்கினால் அது துனுச்சி. மண்ணால் செய்தது, உள்ளே தேங்காய் நார் கங்கு கங்காக எரியும். ஆரத்தியின்போது அதைக் கையில் ஏந்திக்கொண்டு அம்மன் முன்னால் ஆடுவார்கள். ஆட ஆடக் காற்றுப் பட்டுக் கங்கு இன்னும் சிவக்கும்.

அஷ்டமி அன்று மாலை ஆரத்தி உச்சத்தில் இருந்தபோது நடுவர்கள் வந்துவிட்டார்கள். எங்கள் பாடாவின் சரித்திரத்தில் முதன்முறையாக. தலைமை நடுவர் பெயர்பெற்ற ஓவியர். வெள்ளைச் சேலையில் ஓங்குதாங்கான அம்மையார். தபன்தா வியர்வையில் குளித்துக்கொண்டு என்னிடம் ஓடி வந்தார்.

"மூர்த்திதா, விடுங்க ராக்கெட்ட!"

"ஆரத்தி முடியட்டும் தபன்தா."

"அதுக்குள்ள போயிடுவாங்க! இன்னும் எத்தன பந்தல் பாக்கணும் அவங்களுக்கு! இது மட்டும் நடந்துட்டா அடுத்த வருஷம் குழுவுல நீங்கதான் எல்லாம்!"

மீனா என் கையைப் பிடித்தாள். "வேண்டாங்க. அங்க பாருங்க எவ்வளவு கங்கு இருக்குன்னு."

குழுவுல நீங்கதான் எல்லாம். ஐந்து வயதுக் குழந்தைக்குக் காட்டும் இந்த மிட்டாய்க்கு நான் விழுந்தேன். "ஃபிளேரைக் கொஞ்சம் முன்னாலேயே போட்டுடறேன். ஒண்ணும் ஆகாது" என்றேன். பாட்டரியை இணைத்தது நான்தான். மீனா இணைக்க மறுத்துவிட்டாள்.

ஏவுகணை புறப்பட்டது. நடுவர்கள் நன்றாகப் பார்க்க வேண்டும் என்று தபன்தா நடுவிலிருந்த தடுப்புக் கயிற்றை அவிழ்த்துவிட்டிருந்தார். அது எனக்குத் தெரியாது. ஏவுகணை விமானத்தை நோக்கிக் கம்பீரமாகப் பாதி தூரம் போனது. நான் சுவிட்சின் மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றேன். அந்த நேரம் பார்த்து, பாடாப் பெண்கள் மரியாதை நிமித்தமாகத் தலைமை நடுவரின் கையில் ஒரு துனுச்சியைக் கொடுத்தார்கள். அம்மையார் சிரித்துக்கொண்டே வாங்கி, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகி, ஆட ஆரம்பித்தார்.

ஏவுகணை நின்றது. மூக்கைத் திருப்பியது. விமானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அம்மையாரை நோக்கி நடந்தது.

சுவிட்சைத் தட்டினேன். ஃபிளேர்கள் பளபளவென்று எரிந்தன. ஏவுகணையின் முதுகுக்குப் பின்னால் எரிந்தன. கண் பார்க்கும் திசையில் போடாத ஃபிளேரால் பயனில்லை என்று நானே ஒரு முறை எட்டுப் பக்கம் எழுதியிருக்கிறேன். மறுபடியும் தட்டினேன். (எதற்கு என்று தெரியவில்லை. மின்தூக்கி வராவிட்டால் பொத்தானை அழுத்திக்கொண்டே இருப்போமே, அதுபோல.)

இதில் குரூரமான விஷயம், எல்லோருக்கும் அது பிடித்திருந்தது. அம்மையார் இடப்பக்கம் ஆடினால் ஏவுகணையும் இடப்பக்கம் திரும்பியது. வலப்பக்கம் ஆடினால் வலப்பக்கம். ஒத்திகை பார்த்துவைத்த நடனம் என்று நினைத்தார்கள். கைதட்டினார்கள். அம்மையார் குதூகலமாகிவிட்டார். அதைப் பார்த்த தபன்தா, வெற்றியில் தனக்கும் பங்கு வேண்டும் என்று இன்னொரு துனுச்சியை எடுத்துக்கொண்டு மேடையின் மறுபக்கத்தில் ஆட இறங்கினார்.

இரண்டு சமமான சூடு ஒரே சமயத்தில் தெரிந்தால் எளிய ஏவுகணை எதைத் தேர்ந்தெடுக்கும்? எதையும் தேர்ந்தெடுக்காது. இரண்டுக்கும் நடுவில் போகும். இடப்பக்கம் அம்மையார், வலப்பக்கம் தபன்தா. நடுவில் மேடை. மேடையில், சிங்கம், அசுரன், தன் நான்கு தெய்வக் குழந்தைகள் சகிதம், வைக்கோலும் களிமண்ணுமாக, அன்னை துர்கை.

ஏவுகணை அவளை நோக்கி நேராக நடந்தது.

அஷ்டமி மாலை, பாடாவே கூடி நிற்கும்போது, ஒரு மாத்ராஜியின் ஏவுகணை துர்கையின் மேல் மோதினால் என்ன ஆகும்? பூஜைக் குழு கனவு கிடக்கட்டும். நாங்கள் வீட்டை விற்க வேண்டியிருக்கும். பாட்டரி ஓடும்போது கைக்கு எட்டாது; சிவப்புப் பொத்தான் தகட்டுக்குள்ளே, திருப்புளி வீட்டு அலமாரியில். "நிறுத்துங்க! பிடிங்க!" என்று கத்தினேன். டாக் முரசு முழங்கும்போது பக்கத்தில் நிற்பவன் காதைக் கடித்தாலொழியப் பேச்சு கேட்காது. நிமாய்தா மட்டும் புரிந்துகொண்டு பாய்ந்து ஏவுகணையின் வாலைப் பிடித்தார். வால் தெர்மோகோல். அது அவர் கையோடு வந்துவிட்டது. வாலைப் பிடித்துக்கொண்டு அவர் நிற்க, வாலில்லாத ஏவுகணை போய்க்கொண்டே இருந்தது.

மீனா என்னைத் தள்ளிக்கொண்டு ஓடினாள். தபன்தாவின் கையிலிருந்து துனுச்சியைப் பறித்துத் தீயணைப்பு மணல் வாளிக்குள் கவிழ்த்தாள். அவர் "சர்பநாஷ்!" (சர்வநாசம்!) என்று அலறியது மட்டும் முரசையும் மீறிக் கேட்டது. நான் தலைமை நடுவரிடம் போய், எந்த முன்னுரையும் இல்லாமல், அவர் கையிலிருந்த துனுச்சியைப் பிடுங்கினேன். அவ்வளவு பெரிய கலைஞரிடம் நான் அன்று பேசிய ஒரே சொல் "குடுங்க". அதுவும் தமிழில்.

இப்போது ஏவுகணை என்னைப் பார்த்தது.

மணலில் போட்டுவிடலாம் என்று திரும்பினேன். மீனா என் காதருகில் வந்து கத்தினாள்: "போடாதீங்க! போட்டா ஆரத்தி விளக்கப் பாத்துரும்! வெளிய கூட்டிட்டுப் போங்க!"

"எங்க?"

"எங்கயாவது! நிக்காதீங்க, நடங்க!"

நடந்தேன். ஏவுகணைக்கு முதுகைக் காட்டினால் கங்கை என் உடம்பு மறைத்துவிடும் என்பதால் பின்பக்கமாக நடந்தேன். புகை கண்ணில் ஏற, மண்சட்டி கையைச் சுட, ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டே, ஒரு காலிலிருந்து மறு காலுக்குத் தாவிக்கொண்டே நடந்தேன். இதை வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு ஒரே ஒரு பெயர்தான் தோன்றும். நான் ஆடிக்கொண்டிருந்தேன். துனுச்சி எங்கே போகிறதோ அங்கே போவதுதான் டாக் வாசிப்பவர்களின் வழக்கம். அவர்களும் முரசுகளோடு கிளம்பிவிட்டார்கள். முரசு போகும் இடத்துக்கு ஜனங்கள் போனார்கள். பெண்கள் குலவையிட்டார்கள். பந்தலிலிருந்து பின்பக்கமாக வெளியேறும் நான், என்னைத் தொடர்ந்து வாலில்லாத ஏவுகணை, அதன் பின்னால் முரசுகள், பின்னால் நடுவர் குழு, அதற்கும் பின்னால் மொத்தப் பாடாவும்.

தெருவில் முட்டை ரோல் கடையின் தோசைக்கல் தகதகத்துக்கொண்டிருந்தது. ஏவுகணை சபலப்பட்டு அந்தப் பக்கம் மூக்கைத் திருப்பியது. "மூடு! மூடு!" என்று கத்தினேன். கடைக்காரர் நான் ஏதோ மந்திரம் சொல்கிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, நான் கண்ணால் காட்டிய பெரிய மூடியை எடுத்துக் கல்லின் மேல் கவிழ்த்துவிட்டுக் கும்பிட்டார். சூடு மறைந்தது. ஏவுகணை மீண்டும் என்னிடமே வந்தது.

தெரு ஒரு குளத்தில் முடியும். படித்துறையின் விளிம்பில் என் குதிகால் பட்டபோதுதான் எங்கே வந்திருக்கிறேன் என்று புரிந்தது. கைகள் இனித் தாங்காது. விமானத்திலிருந்து ஃபிளேர் எப்படி விழுமோ அப்படி, துனுச்சியைத் தண்ணீரை நோக்கி வீசிவிட்டுப் பக்கவாட்டில் குதித்தேன். அந்தச் சூட்டின் பாதையைப் பிடித்துக்கொண்டு ஏவுகணை ஒவ்வொரு படியாகத் தடதடவென்று இறங்கிக் குளத்துக்குள் போனது. கொஞ்ச நேரம் மூக்கு மட்டும் மிதந்தது. முரசுகள் உச்சத்துக்குப் போயின. "போலோ துர்கா மாய் கி!" என்று யாரோ தொடங்க, ஊரே "ஜெய்!" என்றது. அம்மனைத் தண்ணீரில் கரைக்கும் விசர்ஜனம் தசமியன்றுதான். எங்கள் பாடாவில் மட்டும் ஒன்று முன்கூட்டியே நடந்துவிட்டது.

தலைமை நடுவர் என்னிடம் வந்தார். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். "ஆட்டத்தில் பாவம் பூரணமாக இருந்தது. கால்வேலை மட்டும் போதாது" என்று சொல்லிவிட்டு அடுத்த பந்தலுக்குப் போய்விட்டார். பரிசு கிடைக்கவில்லை. விமானத்தை அவர் பார்க்கவே இல்லையாம்.

மறுநாள் மீனா என் உள்ளங்கைகளுக்குக் களிம்பு தடவிவிட்டாள். "ஒண்ணு சொல்லணும். அவ்வளவு பதட்டத்துலயும் பின்பக்கமா நடக்கணும்னு உங்களுக்குத் தோணிச்சே" என்றாள். அதுதான் இந்தத் துறையில் எனக்குக் கிடைத்த ஒரே அங்கீகாரம்.

பூஜைக் குழுவிலிருந்து யாரும் வரவில்லை. அடுத்த ஆண்டும் கூட்டத்துக்கு அழைப்பு இல்லை. கதை முடிந்தது என்று எடுத்துக்கொண்டேன். பூஜை நெருங்கியபோது தபன்தா மருந்துக் கடையிலிருந்தே கையைத் தட்டிக் கூப்பிட்டார்.

"அஷ்டமிக்கு வெளியூர் எங்கயும் போயிடாதீங்க."

"ஏன், குழுவுல சேத்திருக்கீங்களா?"

"குழுவா?" அவர் குழப்பமாகப் பார்த்தார். "குழுவுல வருஷா வருஷம் ஆள் மாறும். நீங்க இல்லாம அஷ்டமி எப்படி நடக்கும்?"

நடக்காதுதான். அந்த அஷ்டமியில் ஆரத்தி முடிந்ததும் என் கையில் ஒரு துனுச்சியைத் திணித்துவிட்டார்கள். முரசு கிளம்பிவிட்டது. இம்முறை ஏவுகணை இல்லை. ஆனாலும் பின்பக்கமாகத்தான் நடக்க வேண்டும் என்றார்கள். ரோல் கடைக்காரர் நாங்கள் வருவதற்கு முன்பே கல்லை மூடிக் கும்பிட்டுக்கொண்டு நின்றார். அதற்கடுத்த ஆண்டும் அப்படியே. நந்தினி இப்போது பெங்களூரில் வேலை பார்க்கிறாள், அஷ்டமியன்று வீடியோ அழைப்பில் வந்து, "அப்பா, லாக் ஆயிடுச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் நலம் விசாரிப்பாள். (ஏவுகணை தன் குறியைப் பிடித்துக்கொள்வதை 'லாக்' என்பார்கள்.) பூஜை மலரில் ஒரு ஆண்டு "நம் பாடாவின் தொன்மையான துனுச்சி யாத்திரை" என்று ஒரு பத்தி வந்தது. தேதி எதுவும் இல்லை. திருத்தம் எழுதிக் கொடுத்தேன். இடமில்லை என்றார்கள்.

சென்ற அஷ்டமியில் துனுச்சிக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். எதிர்க் கட்டடத்தில் புதிதாகக் குடிவந்த ஒரு வங்காளி இளைஞர், என் நெற்றி விபூதியைப் பார்த்துவிட்டு, 'காகு' (சித்தப்பா) என்று அழைத்து, அந்நியனுக்கு விளக்கும் பரிவோடு பேச ஆரம்பித்தார்.

"நீங்க சவுத்தா காகு? உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. இது இந்த பாடாவுல ஜமீன்தார் காலத்துலேர்ந்து நடக்குது. அசுரன் அம்மா மேல ஒரு அக்னி அஸ்திரத்த விட்டானாம். அதுக்குக் கண்ணு தெரியாது, சூடு மட்டும்தான் தெரியும். அம்மாவோட பக்தன் ஒருத்தன் அதவிடப் பெரிய நெருப்பக் கையில ஏந்தி, அத ஏமாத்தி, குளத்துக்குக் கூட்டிட்டுப் போயிட்டானாம்."

நான் இத்தனை ஆண்டுகளில் எழுதிய எதுவும் இவ்வளவு சுருக்கமாகவும் தெளிவாகவும் அமைந்ததில்லை. திருத்துவதற்கு அதில் ஒரு சொல்கூட இல்லை.

"எந்த வருஷத்துலேர்ந்து நடக்குதுன்னு தெரியுமா?" என்று மட்டும் கேட்டேன்.

"இதுக்கெல்லாம் வருஷம் உண்டா காகு?" என்று சிரித்தார். அதற்குள் துனுச்சி வந்துவிட்டது. அவரே அதை வாங்கி என் கையில் பத்திரமாக வைத்து, குரலைத் தாழ்த்தி ஒரு முக்கியமான விதியைச் சொல்லிக்கொடுத்தார். "நடுவுல நிக்கவே கூடாதாம். நின்னா அம்மாவுக்கு ஆபத்தாம்."

மீனா பக்கத்தில்தான் நின்றாள். அந்த விதியை வகுத்தவள் அவள். "கேட்டுக்கிட்டீங்களா?" என்றாள் என்னிடம். "பெரியவங்க சும்மா சொல்லி வைக்கல."

முரசு தொடங்கியது. நான் பின்பக்கமாக நடந்தேன்.